தோட்டக்காரன்தான் கொலைகாரன்

உட்காருங்க சார், தாராளமா உட்காருங்க. பையை இப்படி என் கால்கிட்ட வெச்சுக்குங்க, இடம் இருக்கு. நீங்க ஏறினதிலிருந்து என்னைப் பார்க்கறதும் ஜன்னல் பக்கம் திரும்பறதுமா இருக்கீங்க. எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னுதானே? போன்ல பார்த்திருப்பீங்க. தோட்டக்காரன்தான் கொலைகாரன். ஆமா, அது நான்தான்.

சிரிங்க, பரவாயில்லை. போன வாரம் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். வாயைத் திறங்கன்னு சொல்லிட்டு அவர் சிரிக்கறார். நான் வாயைத் திறந்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். கையில ஊசி வெச்சிருக்கற ஆள்கிட்ட என்ன கோவிச்சுக்கறது?

பஸ் தஞ்சாவூர் போற வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க பார்த்தது அரை நிமிஷம். அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டுக்குங்க.

என் பேரு கோதண்டபாணி. ஆதனக்குளம் கிளை நூலகத்துல நூலகர். ஆதனக்குளம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மெயின்ரோட்டுல உரக்கடைக்குப் பக்கத்துல மஞ்சக் கட்டடம். நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும். இப்ப வேண்டாம், இப்ப பார்க்கற மாதிரி இல்லை. போன வருஷம் வந்திருக்கணும். அலமாரில புத்தகம் எல்லாம் அணிவகுப்புல நிக்கற மாதிரி நிக்கும். ஒண்ணுக்கும் முதுகு உடைஞ்சதில்லை. அச்சகத்துலேருந்து வந்த வாசனை அப்படியே இருக்கும், பல புத்தகத்துல ரெண்டு பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கும். அப்படி வெச்சுக்கிட்டேன் சார். பக்கத்து ஊர் கிளைகள்ல போய்ப் பாருங்க. அட்டை கிழிஞ்சு, ஓரம் மடங்கி, கடைசிப் பக்கத்துல எவனோ கணக்குப் போட்டு வெச்சிருப்பான். ஏன்னா அவங்க கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துடுவாங்க.

நான் குடுக்கமாட்டேன்னு சொல்லலை. அது தப்பு, அரசாங்க வேலை. யோசிச்சுக் குடுப்பேன். ஒருத்தர் புத்தகத்தைக் கையில எடுத்தா, அவர் கையைப் பார்ப்பேன். எண்ணெய்க் கையா, மடக்கற கையா, எச்சில் தொட்டுத் திருப்பற கையா, தெரிஞ்சுடும். அப்புறம் மெதுவாப் பேச்சுக் குடுப்பேன். "இதுவா? இது சுமார்தான். கடைசில அவ செத்துப்போறா." இவ்வளவுதான். பாதிப்பேர் வெச்சுட்டுப் பேப்பர் படிக்கப் போயிடுவாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. புத்தகமும் பத்திரம்.

முடிவு எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? எல்லாத்தையும் படிக்கணும்னு என்ன இருக்கு? அட்டையைப் பார்த்தா, பின்னாடி போட்டிருக்கறதைப் பார்த்தா, முதல் ரெண்டு பக்கம் புரட்டினா தெரிஞ்சுடும். டாக்டர் நாடி பிடிச்சுச் சொல்றதில்லையா? வயித்தைக் கிழிச்சா பார்க்கறார்? அனுபவம்தான் சார்.

இப்படி நிம்மதியாப் போயிட்டிருந்துச்சு. அப்பதான் மாவட்டத்துல கூட்டம்னு கூப்பிட்டாங்க. புதுசா ஒரு மேடம் அதிகாரியா வந்திருந்தாங்க. சின்ன வயசு, சுறுசுறுப்பு. எழுந்து நிக்கச் சொன்னாங்க. "கோதண்டபாணி சார், உங்க கிளையிலதான் புத்தகம் வெளிய போறதே இல்லை. உறுப்பினரும் சேர மாட்டேங்கறாங்க. இப்படியே இருந்தா பக்கத்துக் கிளையோட சேர்த்துடச் சொல்லி மேலேருந்து வந்திருக்கு."

பக்கத்துக் கிளைன்னா எது? அந்த மடங்கின கிளை. என் புத்தகமெல்லாம் அங்கே போய் அந்த அலமாரில நிக்கும். எனக்கு உட்காரத் தோணலை, அவங்க உட்காரச் சொன்ன பிறகும் நின்னுக்கிட்டே இருந்தேன்.

"வீட்டுக்கே புத்தகம்னு புதுசா ஒரு சேவை ஆரம்பிக்கறோம். வெளிய வர முடியாதவங்க, உடம்பு முடியாதவங்க போன் பண்ணா புத்தகம் வீட்டுக்குப் போகணும். ஒவ்வொரு கிளையும் பேஸ்புக்ல பக்கம் ஆரம்பிச்சு இதை விளம்பரம் பண்ணுங்க. வீடியோ போடுங்க. ஜனங்க இப்ப அங்கேதான் இருக்காங்க"ன்னாங்க.

கிளை இருக்கணும்னா புத்தகத்தை வெளிய விடணும். விட்டா அது கெட்டுப்போகும். என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஆனா கடமைன்னு வந்துட்டா நான் குறை வைக்கமாட்டேன். அன்னிக்கே பக்கம் ஆரம்பிச்சேன். ஆதனக்குளம் அறிவுச்சுடர்னு பேர் வெச்சேன். நல்லா இல்லை?

முதல் வீடியோவுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்துல துண்டு. அகராதி அலமாரிக்கு முன்னாடி நின்னேன். "பேரன்பிற்குரிய பெருமக்களே, நூலகம் என்பது யாது?" அப்படின்னு ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடத்துல பேச்சுப்போட்டில பரிசு வாங்கின ஆள் நான். நூலகத்தின் தோற்றம், வளர்ச்சி, பயன், புத்தகத்தைக் கையாளும் முறை, கையாளக்கூடாத முறைன்னு ஒண்ணு விடாம சொன்னேன். கையாளக்கூடாத முறையே பாதி நேரம் ஆயிடுச்சு. கடைசில வீட்டுக்கே புத்தகம் பத்தியும் சொன்னேன். அப்ப போன்ல சார்ஜ் தீர்ந்து அது மட்டும் பதிவாகலை.

ரெண்டு பேர் லைக் போட்டாங்க. ஒண்ணு என் மச்சான். இன்னொண்ணு நான். என் சம்சாரம் கமலவேணி லைக் போடலை, கீழே கருத்து எழுதியிருந்தா. ஆர்வமாத் திறந்து பார்த்தேன். "வரும்போது மோர் மிளகாய் வாங்கிட்டு வரவும்." ஏன்டி இங்கே எழுதறேன்னு கேட்டா, "போன் பண்ணா நீங்க எடுக்கறதில்லை, இதைத்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கறீங்க"ங்கறா.

அப்படியே விடாம வாரா வாரம் போட்டேன். பாதுகாப்பு பத்தி ஒண்ணு. கரையான் பத்தி ஒண்ணு. அந்தக் கரையான் வீடியோ நீங்க பார்க்கணும் சார், அதுல உழைப்பு இருக்கு. அதுக்கும் மச்சான்தான். மேடம் போன் பண்ணி, "கொஞ்சம் சாதாரணமாப் பேசுங்க சார், ஜனங்க பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி"ன்னாங்க. துண்டு போட்டுக்கிட்டு எப்படி சாதாரணமாப் பேசறது?

எங்க நூலகத்துல தெய்வானைன்னு ஒரு அம்மா இருக்கு. கூட்டறது, தண்ணி பிடிக்கறது, பேப்பர் அடுக்கறது எல்லாம் அதுதான். அதுக்கு ஒரு வாய் இருக்கு பாருங்க. "சார், நீங்க பேசறதைக் கேட்டா எழவு வீட்டுக்கு மைக் கட்டின மாதிரி இருக்கு. நேரலை போடுங்க சார். எங்க தெருவுல ஒரு பொண்ணு புடவை வியாபாரம் நேரலைலதான் பண்ணுது. ஊரே பார்க்குது"ன்னுச்சு.

சரி, அதையும் பார்ப்போம்னு ஒரு நாள் காலையில நேரலை போட்டேன். போனை சார்ஜ்ல போட்டு, உலக உருண்டைமேல சாய்ச்சு வெச்சேன். பேரன்பிற்குரிய பெருமக்களேன்னு தொடங்கி, நல்லபடியா முடிச்சு, வணக்கம் சொல்லி, பட்டனை அமுக்கிட்டு என் நாற்காலில வந்து உட்கார்ந்தேன். அமுக்கினேன் சார். சத்தியமா அமுக்கினேன். அது அணையலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?

போன் அங்கேயே இருந்துச்சு. நான் பாட்டுக்குத் துண்டைக் கழட்டினேன். காது குடைஞ்சேன். தெய்வானைகிட்ட, "இந்த மேடத்துக்கு வேற வேலை இல்லை"ன்னேன். அப்ப மீனலோசனி டீச்சர் உள்ளே வந்தாங்க. நல்ல மாதிரிதான், ஆனா ஓரம் மடக்கற கை. நேரா துப்பறியும் அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை உருவிட்டாங்க. பச்சைக்கேட் பங்களான்னு ஒரு நாவல். புத்தம் புதுசு, அட்டை பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும். அட்டையில ஒரு பங்களா, அதுக்கு முன்னாடி செடி வெட்டற கத்தரியோட ஒரு தோட்டக்காரன் நிப்பான்.

"இதை எடுத்துக்கறேன் சார்"ன்னாங்க.

"அதுவா? எதுக்கு டீச்சர்? தோட்டக்காரன்தான் கொலைகாரன்"ன்னேன்.

டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. "சார், நான் இன்னும் படிக்கவே இல்லையே."

"அதான் சொல்றேன். படிச்சுட்டு அப்புறம் வருத்தப்படறதுக்கு, இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லதில்லையா?"

"பரவாயில்லை, வேற எடுத்துக்கறேன்"னு பக்கத்துல இருந்ததை எடுத்தாங்க.

"அதுல அண்ணன். சொத்துக்காக."

இன்னொண்ணு எடுத்தாங்க.

"அதுல கொலையே இல்லை டீச்சர். அவன் ஊருக்குப் போயிருக்கான்."

டீச்சர் மூணாவதையும் வெச்சுட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிட்டாங்க. நான் அந்தப் புத்தகங்களை எடுத்து, துணியால துடைச்சு, திருப்பி வெச்சேன். வெச்சுட்டு, "தப்பிச்சீங்கடா"ன்னு சொல்லி அட்டையைத் தட்டிக் குடுத்தேன். அது எனக்கே ஞாபகமில்லை, வீடியோல பார்த்துத்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் தெய்வானை போனைத் துடைக்க எடுத்துட்டு, "சார், இதுல நீங்க இன்னும் ஓடிக்கிட்டிருக்கீங்க"ன்னுச்சு.

எவனோ ஒரு புண்ணியவான் அதுல அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னாடி நாதஸ்வரத்தைப் போட்டு விட்டுட்டான். மறுநாள் டீக்கடைக்குப் போறேன், டீ ஆத்தறவர் என்னைப் பார்த்துட்டு, "சார், சர்க்கரை போடவா? கடைசில கரைஞ்சுபோயிடும்"ங்கறார். கல்யாண வீட்டுல பந்தில உட்கார்ந்தா, இலை போடறவன், "பாயசம்தான் முடிவு சார்"ங்கறான். மாவட்டம் மாவட்டமாப் போயிடுச்சு. துபாய்லேருந்து என் சித்தப்பா பையன் போன் பண்றான். கமலவேணி மட்டும் ஒண்ணும் சொல்லலை. அந்த வீடியோவுக்கு அவ லைக் போட்டிருந்தா. என் கரையானுக்குப் போடாதவ.

எனக்கு வேலை போயிடும்னு பயம். மேடம் போன் வந்தப்ப எழுந்து நின்னுதான் எடுத்தேன். "சார், அழிச்சுடாதீங்க. எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? கீழே நூலகத்தோட நம்பர் போட்டு, வீட்டுக்கே புத்தகம் பத்தி ஒரு வரி எழுதுங்க. அந்த, வேற வேலை இல்லாத மேடம்தான் பேசறேன்"ன்னாங்க. நம்பரைப் போட்டேன்.

நம்பர் போட்டதும் போன் அடிக்க ஆரம்பிச்சுது. புத்தகம் கேட்டா? முடிவு கேட்டு சார். யார் யாரோ பேர் சொல்லி, இதுல என்ன ஆகும் அதுல என்ன ஆகும்னு கேட்கறாங்க. கேட்டா சொல்லணுமில்ல? சொன்னேன். சேர்ந்துடுவாங்க, பிரிஞ்சுடுவாங்க, செத்துடுவான். ஒருத்தர் சமையல் புத்தகத்துக்கு முடிவு கேட்டார். அவருக்கும் மரியாதையாத்தான் பதில் சொன்னேன்.

அப்பதான் காதர் மைதீன் கூப்பிட்டார்.

அவர் லாரி டிரைவர். ஆதனக்குளத்துலதான் வீடு, பள்ளிவாசல் தெருவுல. லாரி கவிழ்ந்து கால் ரெண்டு இடத்துல உடைஞ்சு, பிளேட் வெச்சு படுக்கையில இருந்தார். அந்த வீடியோவைப் பார்த்துட்டு, கீழே இருந்த நம்பரைப் பார்த்துட்டு, அவர் சம்சாரம் ரஹ்மத்தை விட்டுப் பேசி, பச்சைக்கேட் பங்களாவே வேணும்னு கேட்டு வாங்கியிருந்தார். எனக்குக் குடுக்க மனசில்லை. டிரைவர் கை, கிரீஸ் கை. ஆனா வெளிய வர முடியாதவங்களுக்குத்தான் இந்தச் சேவையே, என்ன சொல்லி மறுக்கறது? தெய்வானை சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு போன்.

"லைப்ரரி சாரா? நான் காதர் பேசறேன். நீங்க தோட்டக்காரன்தான் கொலைகாரன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா பாய்."

"அந்தத் தோட்டக்காரனைப் பாதிக் கதையிலேயே கொன்னு கிணத்துல போட்டுட்டாங்க சார்."

நான் விடலை. "செத்த மாதிரி காட்டியிருப்பாங்க பாய். கடைசில வருவான் பாருங்க"ன்னேன்.

"கடைசியும் படிச்சுட்டேன். வரலை. அவனை அடக்கமே பண்ணியாச்சு."

"நல்லாப் படிச்சீங்களா?"

"சார், எனக்கு இந்த விட்டத்தைப் பார்க்கறதைத் தவிர வேற வேலை இல்லை. ரெண்டு தடவை படிச்சுட்டேன். அவன் பாவம் சார். நல்லவன். நீங்க அவன்மேல போய் இப்படிப் பழி போட்டுட்டீங்களே, ஊர் பூரா அவனைக் கொலைகாரன்னு சொல்லிக்கிட்டிருக்கு."

ஒரு கதையில வர்ற தோட்டக்காரனுக்காக ஒரு மனுஷன் இப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அதோட விட்டிருக்கலாம். அவர் விடலை. படுத்த படுக்கையில, கால்ல கட்டோட, புத்தகத்தை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டு ஒரு வீடியோ எடுத்துப் போட்டுட்டார். "மக்களே, தோட்டக்காரன் நிரபராதி. லைப்ரரி சார் சொன்னது பொய். சந்தேகம் இருந்தா படிச்சுப் பாருங்க."

அவ்வளவுதான் சார். வெள்ளம். லாரி ஸ்டாண்டிலேருந்து வந்தாங்க. காலேஜ் பசங்க வந்தாங்க. உரக்கடைக்காரர், பக்கத்துலேயே இத்தனை வருஷமா இருக்கார், ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை, அவர் வந்து உறுப்பினர் அட்டை போட்டார். எல்லாரும் நான் சொன்னது சரியா தப்பான்னு பார்க்க வர்றாங்க. என் முன்னாடியே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டறாங்க. "சார், அண்ணன்னு சொன்னீங்களே, இதுல அண்ணனே இல்லையே." "சார், செத்துடுவான்னு சொன்னீங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டான்." இதுல மீனலோசனி டீச்சர் வேற, கரும்பலகைல ரெண்டு கட்டம் போட்டு, சார் சொன்னது, புத்தகத்துல இருக்கறதுன்னு எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு ஒரு புத்தகத்துல சரியா வந்துச்சு. அதை யாரும் வீடியோ எடுக்கலை.

அவங்க சொல்றதை நான் முழுசா ஒத்துக்கலை, அது வேற விஷயம். பல எழுத்தாளர்களுக்கு எப்படி முடிக்கறதுன்னு தெரியறதில்லை. நான் சொன்ன முடிவு எத்தனையோ புத்தகத்துக்கு நல்லா இருந்திருக்கும்.

ஆனா சார், அலமாரி காலியாயிடுச்சு. துப்பறியும் வரிசை போச்சு, சரித்திரம் போச்சு, சமூகம் போச்சு. போனது திரும்பி வரும்போது பார்க்கணுமே. மஞ்சள் கறை. காபி வட்டம். ஒண்ணுல பேருந்து டிக்கெட், ஒண்ணுல மயிலிறகு, ஒண்ணுல கறிவேப்பிலை. கறிவேப்பிலையை யார் சார் அடையாளம் வைப்பாங்க? தெய்வானை காலி அலமாரியைத் துடைச்சுட்டு, "இப்பதான் சார் துடைக்க சுளுவா இருக்கு"ன்னுச்சு.

இந்தப் பச்சைக்கேட் பங்களா மட்டும் திரும்பலை. தவணை முடிஞ்சு போச்சு. கேட்டு வரிசையில ஆள் நிக்கறாங்க. தெய்வானையை அனுப்பினா, தெருக்காரங்களுக்கு பாய் இன்னொரு தடவை படிச்சுக் காட்டறாராம்னு சொல்லிட்டு வெறுங்கையோட வருது. சரின்னு நானே போனேன். புத்தகத்தை வாங்கணும். அதோட, அந்த முடிவையும் ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்.

சின்ன வீடு. உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்குது. பாய் படுக்கையில சாய்ஞ்சு உட்கார்ந்து, குரலை மாத்தி மாத்திப் படிக்கறார். ஜமீன்தாருக்கு ஒரு குரல், இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல். ரஹ்மத் அடுப்படி வாசல்ல உட்கார்ந்து இடியாப்பம் பிழிஞ்சுக்கிட்டே கேட்கறா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேர் முறத்தோட உட்கார்ந்திருக்காங்க. நான் போனதும் பாய் நிறுத்தினார்.

"வாங்க சார், வாங்க. எந்திரிக்க முடியலை, தப்பா நினைக்காதீங்க."

"புத்தகம் வேணும் பாய். தவணை முடிஞ்சுடுச்சு."

"இன்னும் கொஞ்சம்தான் சார் இருக்கு. இவங்களுக்குக் கடைசி தெரியாது. உட்காருங்க, முடிச்சுட்டுத் தர்றேன்."

ரஹ்மத் மாவுக் கையோட எழுந்து வந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டா. மெதுவா, அவருக்குக் கேட்காத மாதிரி, "கோவிச்சுக்காதீங்க சார். அடிபட்டதிலிருந்து சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவரு. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவாரு. பிள்ளைங்க கிட்ட வரவே பயப்படும். உங்க வீடியோ பார்த்துத்தான் முதல்ல சிரிச்சாரு"ன்னா.

நான் என்னத்தைக் கேட்டேன்? அவ மாவுக் கை நாற்காலில பட்டுச்சு, அதே கையால புத்தகத்தைத் தொடுவாளான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நல்லவேளை, தொடலை. அட்டையில ஏற்கெனவே கருப்பா ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருந்துச்சு. கிரீஸ். நான் சொன்னேனில்ல?

சரி, உட்கார்ந்தேன். பாய் படிச்சார். நல்லாத்தான் படிச்சார். துப்பாக்கியை எடுக்கற இடத்துல குரலைத் தாழ்த்தினார் பாருங்க, முறத்தோட இருந்த பொம்பளை முறத்தைக் கீழே வெச்சுட்டா. இடியாப்பம் அப்படியே நிக்குது. கொலை பண்ணது யாருன்னு இன்ஸ்பெக்டர் கையை நீட்டினப்ப, நான் என்னை அறியாம, "அட, அவனா"ன்னுட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"தெரியாதா சார் உங்களுக்கு?"ன்னு பாய் கேட்டார். கிண்டலாக் கேட்கலை, நிஜமாத்தான் கேட்டார்.

"தெரியும். எப்படி வாசிக்கறீங்கன்னு பார்த்தேன்"ன்னேன்.

யாருன்னு உங்ககிட்ட இப்ப நான் சொல்லக்கூடாது சார். முடிவு சொல்றதை நிறுத்தணும்னு மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. நாங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கறோம், நீங்க பேசாம இருங்கன்னு டீச்சரும் சொல்லிட்டாங்க. ஆதனக்குளம் வந்தா எடுத்துப் படிச்சுக்குங்க. வரிசை இருக்கு.

அன்னிக்குப் புத்தகத்தை வாங்கிட்டு வந்தேன். அடுத்த வாரம் வேற ஒண்ணு கொண்டுபோனேன். தெய்வானை நான் போறேன்னுதான் சொல்லுச்சு. அது சைக்கிள் பின்னாடி புத்தகத்தைக் கயித்தால கட்டும், கயிறு அட்டையை அறுத்துடும். அதனால நானே போனேன். எப்பவும் அவர் முடிக்கற சமயமாப் பார்த்துத்தான் போவேன். திருப்பி வாங்கறதுக்கு அதுதானே வசதி? ரஹ்மத் இடியாப்பம் குடுப்பா, நான் கையைக் கழுவிட்டுச் சாப்பிடுவேன். பசங்க ரெண்டும் அவர் கால்மாட்டுலயே உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் தொண்டை கட்டிக்கிச்சு, நீங்க படிங்க சார்னு என்கிட்ட நீட்டினார். கடைசி அத்தியாயம் முழுக்க நான்தான் படிச்சேன். பேரன்பிற்குரிய பெருமக்களேன்னு படிக்கற மாதிரி இருக்குன்னு அந்த முறத்துப் பொம்பளை சொல்லிட்டா. அவளுக்கென்ன தெரியும்?

கிளையைச் சேர்க்கற பேச்சு நின்னுடுச்சு. மேடம் நேரா வந்து காலி அலமாரியைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு சார்"ன்னாங்க. காலி அலமாரியில என்ன அழகு? பெரியவங்க சொல்றாங்கன்னு தலையை ஆட்டினேன். இன்னிக்குத் தஞ்சாவூர் போறதும் அதுக்காகத்தான். மத்த நூலகர்களுக்கெல்லாம் சமூக ஊடகத்துல எப்படி விளம்பரம் பண்றதுன்னு நான் வகுப்பு எடுக்கணுமாம். கரையான் வீடியோவைப் போட்டுக் காட்டப்போறேன். அவங்களாவது ஒழுங்காப் பார்க்கட்டும்.

காதர் பாய்க்குக் கால் சரியாயிடுச்சு. கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கறார், ஆனா கிளட்ச் மிதிக்க முடியுதாம். போன வாரம் நூலகத்துக்கு முன்னாடியே லாரியை நிறுத்திட்டு இறங்கி வந்தார்.

"சார், பரோடாவுக்குத் தேங்காய் நார் லோடு. வர நாளாகும். ரெண்டு புத்தகம் வேணும்."

"மாநிலம் தாண்டியா? அதெல்லாம் முடியாது பாய். விதி இல்லை."

"வண்டியில பாட்டுதான் சார் இருக்கு. பாட்டெல்லாம் கேட்டாச்சு. லோடு இறக்கறதுக்குக் காத்துக் கிடக்கற நேரத்துல பைத்தியம் பிடிச்சுடும்."

"வெயில், தூசி, எண்ணெய். புத்தகம் தாங்காது."

அவர் சரி சார்னு திரும்பினார். அந்தக் காலைச் சாய்ச்சு ஒவ்வொரு படியா இறங்கறார். எனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்காதீங்க, தெரியாது. கூப்பிட்டு, என் சொந்த உறுப்பினர் அட்டையில பதிஞ்சு ரெண்டு புத்தகம் குடுத்தேன். நூலகருக்கும் அட்டை உண்டு சார். நான் அதுல அதுவரைக்கும் ஒண்ணுகூட எடுத்ததில்லை. இன்னிக்குத் தேதிக்கு என் பேர்ல வெளிய இருக்கற புத்தகம் அது ரெண்டுதான்.

தினமும் ஒரு படம் அனுப்பறார். எனக்குத்தான் அனுப்பறார், நான் அதை நூலகப் பக்கத்துல போடறேன். புத்தகம் நல்லா இருக்கான்னு பார்க்கத்தான் அனுப்பச் சொன்னேன். முதல்ல ஸ்டியரிங்குக்கு மேல வெச்சு எடுத்து அனுப்பினார், வெயில் நேரா அட்டையில அடிக்குது. துணி போட்டு மூடுங்கன்னு எழுதினேன். மறுநாள் பார்த்தா அவர் சட்டையையே கழட்டிப் போர்த்தியிருக்கார். ஒரு படத்துல தாபா கட்டில்மேல இருக்கு, பக்கத்துல ரொட்டி. ஏன் பாய் ரொட்டி பக்கத்துலன்னு கேட்டேன். அந்தப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்திருக்காங்கன்னு பாருங்க. அதுக்கு கமலவேணியும் லைக் போட்டிருக்கா.

இந்தாங்க, இன்னிக்குக் காலையில வந்தது. நீங்களே பிடிச்சுப் பாருங்க, பஸ் ஆடுது. பின்னாடி தெரியுதே பெரிய பாலம், அதுக்குக் கீழே தண்ணி, அது நர்மதையாம். எவ்வளவு அகலம் பாருங்க. நான் பார்த்ததில்லை. நான் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல புத்தகத்தைத் திறந்து வெச்சு எடுத்திருக்கார். காத்து அடிக்கற இடத்துல யாராவது திறந்து வைப்பாங்களா? நல்லவேளை, ஒரு கையால பிடிச்சிருக்கார். அது அவர் கைதான், அந்தக் கருப்பு நகம்.

கொஞ்சம் பெருசு பண்ணுங்க. ரெண்டு விரலை வெச்சு விரிங்க, அப்படித்தான். ஆத்தை இல்லை சார். இந்தப் பக்கம், புத்தகத்தோட முதல் பக்கத்துல. ஆதனக்குளம் கிளை நூலகம்னு நீலமா ஒரு முத்திரை தெரியுதில்ல? அது நான் போட்டது.